வேலை வயசும் வீட்டு வயசும்

போன மாதம் இளம் அரசு வழக்கறிஞர்களான உங்களில் ஒருவர், பெயரைச் சொல்லி மானத்தை வாங்க மாட்டேன், என் வீட்டுக்கு வந்து ஒரு கேஸ் கட்டை மேசைமேல் பொத்தென்று போட்டார். "சார், குற்றம் நடந்த தேதியே தெரியாத வழக்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஜட்ஜ் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார். பேசாமல் ஒரு தேதியைப் போட்டுவிடட்டுமா?" என்றார். காபி கொடுத்து அனுப்பிவைத்தேன். அவர் கேட்டதற்குப் பதில் ஒரே வார்த்தைதான், போடாதீர்கள் என்று. ஆனால் அவ்வளவோடு விட்டால் நீங்கள் கேட்கிற ஆட்களா? ஏன் என்பீர்கள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் என் வீரதீரம் எதுவும் இல்லை. அந்த வழக்கு கைக்கு வந்த நாள் முதல் தீர்ப்பு நாள் வரை எனக்குப் பயம்தான். பயந்தவனால் ஒழுங்காக முடிவெடுக்க முடியுமா என்றால், முடியும். எதற்குப் பயப்படுகிறோம் என்று தனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் புதிதாக வந்து, பழம் தின்று கொட்டை போட்ட வக்கீல்கள்கூடப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பேசிக்கொண்டிருந்த நேரம். நான் கிழக்குப் பாலக்காட்டுக்காரன். கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் நெல்லும் நிலக்கடலையும் போடுகிற குடும்பம். என்னை இடுக்கி மலைக்கு உதவி அரசு வழக்கறிஞராகப் போட்டார்கள். எனக்கு மேலே இருந்த அரசு வழக்கறிஞரைப் பெரியவர் என்றே சொல்கிறேன். அவருக்குத் தமிழ் புரியும், பேச வராது. மலையில் சாட்சி சொல்ல வருகிறவர்களில் ஏகப்பட்ட பேர் தமிழ்த் தோட்டத் தொழிலாளிகள். ஆகவே தமிழ்ச் சாட்சி என்றால் என்னை முன்னால் தள்ளிவிட்டு அவர் பின்னால் உட்கார்ந்துகொள்வார்.

நானும் பெருமையாகத்தான் போனேன். என் தமிழ் கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தமிழ், அவர்களுடையது திருநெல்வேலித் தமிழ் என்பது போன பிறகுதான் உறைத்தது. "ஏனுங்க, உக்காருங்க" என்று நான் மரியாதையாகச் சொன்னால் அவர்கள் மிரண்டுபோனார்கள். சர்க்கார் ஆள் இவ்வளவு பணிவாகப் பேசுகிறான் என்றால் ஏதோ பெரிய விபரீதம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பெண்ணின் பெயரை எழுத மாட்டேன். கனி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாந்தன்பாறைப் பக்கம் ஒரு ஏலக்காய்த் தோட்டம். அப்பா சுடலைமுத்து, அம்மா, கனி, அவளுக்குக் கீழே சின்னப் பிள்ளைகள். தோட்டம் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தார்கள். அந்த வரிசைக்கு லயம் என்று பெயர். லயத்துக்கு ராஜா, வேலை வாங்குகிற மேஸ்திரிதான். நாளைக்கு யாருக்கு வேலை உண்டு, யார் எந்தப் பக்கம் காய் எடுக்க வேண்டும், யார் வீட்டுக் கூரைக்குத் தகரம் வரும், எல்லாம் அவன் வாயில் இருந்தது. ஏலக்காய் எடுக்கிற காலத்தில் ஒரு நாள் அவன் கனியைத் தனியாக ஒரு வேலைக்கு அனுப்பினான். பின்னாலேயே அவனும் போனான். இதற்கு மேல் இங்கே எழுதத் தேவையில்லை. நீங்கள் குற்றப்பத்திரிகை படித்துப் பழகியவர்கள்.

அம்மாவுக்கு விஷயம் தெரியவே சில வாரங்கள் ஆயின. தெரிந்ததும் லயத்துப் பெரியவர்கள் கூடினார்கள். கூடி என்ன செய்தார்கள் தெரியுமா? மாரியம்மன் கோயில் முன்னால் நிறுத்தி, அவன் கையாலேயே அந்தச் சிறுமி கழுத்தில் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டவைத்து, பிரச்சினை தீர்ந்தது என்று கலைந்துவிட்டார்கள். எழுதும்போது இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கனி மாதக்கணக்கில் அவன் வீட்டில் இருந்தாள். பிறகு ஒரு நாள் விறகு பொறுக்கப் போகிறவளைப் போலக் கிளம்பி, கிடைத்த வண்டியில் ஏறி, சித்திரபுரத்தில் மின்சார வாரியக் குடியிருப்பில் இருந்த தாய்மாமன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மாமா அவளைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்.

அன்றைய சட்டத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பதினாறு நிறையாத பெண் என்றால் அவள் சம்மதித்தாளா என்ற பேச்சே கிடையாது, குற்றம் குற்றம்தான். அதற்குக் காலக்கெடுவும் கிடையாது. ஆனால் அவள் அவனுடைய மனைவி என்று ஆகிவிட்டால் எல்லாம் தலைகீழ். பதினைந்து நிறைந்த மனைவி என்றால் குற்றமே இல்லை. பதினைந்து நிறையாத மனைவி என்றால் குற்றம் உண்டு, ஆனால் நடந்து ஒரு வருஷத்துக்குள் கோர்ட் அந்த வழக்கைக் கையில் எடுத்திருக்க வேண்டும். தாண்டினால் கதவை இழுத்துப் பூட்டிவிடும். புதுச் சட்டம் கொண்டுவந்த கெடு அது. மேஸ்திரியின் வக்கீல் அதை எங்களுக்கு முன்னாலேயே படித்துவிட்டார். அவர் கட்டிய கோட்டை இதுதான்: அவள் மனைவி, அவளுக்கு வயது நிறைந்துவிட்டது, நிறையவில்லை என்று வைத்துக்கொண்டாலும் வருஷம் தாண்டிவிட்டது.

எஸ்.ஐ.யோடு நான் முதலில் மாமா வீட்டுக்குப் போனேன். இன்றைக்கு நீங்கள் இப்படி போலீசோடு கிளம்பினால் நானே கண்டிப்பேன். அன்று யார் எதுவரை போகலாம் என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. கனி கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றாள். நான் கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினாள். கிளம்பும்போதுதான் வாய் திறந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமாய்யா?"

"கேளு கண்ணு."

"கேசு தோத்துட்டா நான் திரும்ப அவுக வீட்டுக்குப் போவணுமா?"

மாமா "அப்படியெல்லாம் விட்ருவமா தாயி" என்றார். ஆனால் அவர் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார். அவரும் வாரியத்தில் தற்காலிக ஆள்தான். கோர்ட் அவளை மனைவி என்று சொல்லிவிட்டால் மறுநாளே அனுப்பிவைக்க வேண்டும் என்று லயத்துப் பெரியவர்கள் ஏற்கெனவே ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்கள். போகாவிட்டால் சுடலைமுத்துவுக்கு லயத்தில் இடம் இல்லை. நான் ஜீப்பில் ஏறினேன். அன்று தொடங்கியதுதான் அந்தப் பயம்.

அடுத்து லயத்துக்குப் போனோம். பட்டப்பகல். எங்கள் ஜீப் வளைவில் திரும்புவது தெரிந்ததுமே கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. வெளியே விளையாடிக்கொண்டிருந்த ஒரு குழந்தையை யாரோ கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். மேஸ்திரி ஜாமீனில் வந்து, ஒன்றும் நடக்காததைப் போல மேட்டில் நின்று யார் வாசலில் ஜீப் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். சுடலைமுத்து மட்டும் கதவைத் திறந்தே வைத்திருந்தார். சாத்தினால் அது வேறு குற்றமாகிவிடுமோ என்று பயந்திருப்பார்.

"ஏனுங்க, கனிக்கு வயசு என்னங்க ஆகுது?" என்று கேட்டேன்.

அவர் எஸ்.ஐ.யைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாசலுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்:

"எந்த வயசய்யா கேக்கீக? வேல வயசா, வீட்டு வயசா?"

எனக்கு முதலில் புரியவில்லை. எஸ்.ஐ. தலையில் கை வைத்துக்கொண்டார், அவருக்குப் புரிந்துவிட்டது. சின்னப் பிள்ளை என்றால் தோட்டத்தில் சின்னக் கூலி, வளர்ந்த ஆள் என்றால் முழுக் கூலி. பேர் பதியும்போது கொஞ்சம் வளர்த்தியான பிள்ளையாக இருந்தால் இரண்டு மூன்று வயதைக் கூட்டிச் சொல்லிவிடுவது அங்கே ஊர்வழக்கம். ஒரு வீடு இரண்டு வீடு இல்லை, லயம் முழுக்க. எழுதிக்கொள்கிற கிளார்க்குக்குத் தெரியும். மேலே இருக்கும் மேனேஜர் துரைக்கும் தெரியும். எவனும் ஏமாறவில்லை, எல்லோருக்கும் அது சௌகரியமாக இருந்தது. அதனால்தான் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். கனியின் வேலை வயது பதினேழு. சம்பவம் நடந்தபோது அவளுடைய வீட்டு வயது பதினான்குகூட முழுசாக நிறையவில்லை.

"வீட்டு வயச நீங்க கோர்ட்ல சொல்லுவீங்களா?" என்றேன்.

"கோடதியிலயா?" அவர் முகம் செத்துப்போயிற்று. "பொய் சொல்லிப் பேர் பதிஞ்சேன்னு நானே சொல்லணுமாய்யா? பேரு வெட்டிருவாவ. வீட்டக் காலி பண்ணுன்னுருவாவ. அதோட நிக்குமா? ஒரு வீட்டத் தோண்டுனா எல்லா வீட்டயும் தோண்டுவாவ. லயத்துக்காரன் என்னய உசுரோட விடுவானா?"

அந்தக் கேள்வியை அப்படியே தொங்கவிட்டு நான் தேதிக்கு வந்தேன். அங்கே இன்னொரு குழி. காய் எடுப்பு சுற்றுச் சுற்றாக நடக்கும். ஒரு சுற்று முடிந்து சில வாரம் கழித்து அடுத்த சுற்று. முதல் சுற்று ஆடியில், இரண்டாவது ஓணத்தோடு தொடங்கிப் புரட்டாசி வரை. சம்பவம் எந்தச் சுற்றில்? கனிக்கு நிச்சயமில்லை. அம்மா இரண்டாவது சுற்று என்றாள். அம்மாவின் தங்கை முதல் சுற்று என்று சத்தியம் செய்தாள். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த மாதம் ஆவணி. முதல் சுற்று என்றால் வருஷம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. இரண்டாவது என்றால் இன்னும் கொஞ்ச நாள் மிச்சம் இருக்கிறது.

திரும்பும் வழியில் எஸ்.ஐ. ஒரு யோசனை சொன்னார். கெட்ட மனிதர் இல்லை அவர், அந்தப் பிள்ளைக்காக உண்மையாகவே அலைந்தவர். "ஓணத்துக்கு மறுநாள்னு எழுதிரலாம் சாரே. எல்லாருக்கும் ஞாபகம் நிக்கிற நாளு. கெடுவுக்குள்ளயும் வரும். புள்ளைக்கும் சொல்லிக் குடுத்துரலாம். யாரு கேக்கப் போறா?"

மனசுக்குள் எனக்கும் அது இனித்தது. இனிக்காமல் என்ன? ஒரு வரி எழுதினால் பாதிப் பயம் போய்விடும். ஆனால் கனி கூண்டில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அவளுக்குத் தெரியாத ஒன்றை அவள் வாயில் நாம் திணித்துவிட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் அதை ஒவ்வொரு இழையாகப் பிரிப்பார். அன்று மழை பெய்ததா, யார் யார் வேலைக்கு வந்தார்கள், என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார். எங்களுடைய பொய் உடையும்போது அவளுடைய உண்மையும் சேர்ந்து உடையும். வேண்டாம் என்றேன்.

பெரியவரிடம் போனால் அவர் வேறு பயத்தில் இருந்தார். வயது அறிய எக்ஸ்ரே எடுத்து கோட்டயத்திலிருந்து டாக்டரின் சர்டிபிகேட் வர வேண்டியிருந்தது. அது வராமல் குற்றப்பத்திரிகை போட்டால் மாஜிஸ்திரேட் திருப்பிவிடுவார் என்று அவருக்குக் கவலை. சர்டிபிகேட்டுக்காகக் காத்திருந்தால் புரட்டாசி போய்விடும் என்று எனக்குக் கவலை. மனுஷருக்குப் பயம் வந்தால் வயிறு கலக்கும். பேச்சுக்கு நடுவிலேயே இரண்டு தரம் எழுந்து போய்விட்டு வந்தார். சிரிக்காதீர்கள், உங்களுக்கும் வரும்.

"தேதியும் இல்லை, வயசுக்கு ஆதாரமும் இல்லை. என்னத்தை வைத்துப் போடச் சொல்கிறாய்?" என்று மலையாளத்தில் கத்தினார்.

"இருக்கிறதை வைத்துப் போடுவோம் சார். குறை உள்ள வழக்கைப் பின்னால் சரிசெய்துகொள்ளலாம். கெடு தாண்டின வழக்கை யார் வந்தாலும் சரிசெய்ய முடியாது."

"திரும்பி வந்தால் உன் தலையில்தான் போடுவேன்" என்றார். போட்டிருப்பார், சந்தேகமே இல்லை.

ஆகவே குற்றப்பத்திரிகையில் உள்ளதை உள்ளபடியே எழுதவைத்தேன். ஏலக்காய் முதல் சுற்று அல்லது இரண்டாம் சுற்று எடுப்பின்போது, சரியான நாள் தெரியவில்லை. வயது பதினான்குக்குள் என்று குடும்பத்தார் கூறுகிறார்கள், மருத்துவச் சான்று பின்னர் தாக்கல் செய்யப்படும். மாஜிஸ்திரேட் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இது குற்றப்பத்திரிகையா, விவசாயக் குறிப்பா?" என்றார். கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நான் கூண்டில் நிற்கிற குற்றவாளியைப் போல நின்றேன். அவர் இன்னொரு முறை படித்தார், பேனாவை எடுத்தார், வழக்கை எடுத்துக்கொள்வதாக எழுதினார். புரட்டாசி பிறக்கவில்லை, அந்த வருஷத்து ஓணமும் இன்னும் வரவில்லை. அப்படியும் எனக்கு நிம்மதி இல்லை, முதல் சுற்றுதான் என்று பின்னால் தெரிந்தால் எல்லாம் வீண். கெடுவிலிருந்து முழுசாகத் தப்ப ஒரே வழி, அவள் மனைவியே இல்லை என்று காட்டுவது.

செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணை வர மாதங்கள் ஆயின. கனி கூண்டில் ஏறினாள். மேஸ்திரியின் வக்கீல் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்:

"ஓணத்துக்கு மறுநாள்தானே நடந்ததாகச் சொல்கிறாய்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எஸ்.ஐ. அன்று ஜீப்பில் சொன்ன யோசனையை ஸ்டேஷனிலும் நாலு பேர் காதுபடச் சொல்லியிருக்கிறார். அது எங்கெங்கோ சுற்றி மேஸ்திரி காதுக்குப் போயிருக்கிறது. நாங்கள் கடைசியில் அதைத்தான் சாட்சியில் கொண்டுவருவோம் என்று நம்பி, ஓணத்தை ஒட்டிய நாட்களில் மேஸ்திரி வண்டன்மேட்டு ஏலச்சந்தைக்குக் காய் கொண்டுபோயிருந்தான் என்று சொல்ல இரண்டு வியாபாரிகளைக் கூட்டிவந்து வராந்தாவில் உட்காரவைத்திருந்தார்கள். அது உண்மையும்கூட. அவன் அந்த நாட்களில் வண்டன்மேட்டில்தான் இருந்திருக்கிறான்.

"தெரியாதுய்யா. காய் எடுத்துட்டு இருந்தோம். அம்புட்டுத்தான் தெரியும்" என்றாள் கனி.

"ஓணத்துக்கு முன்னாலா, பின்னாலா?"

"தெரியாதுய்யா."

எத்தனை விதமாகக் கேட்டாலும் அவள் அதைத் தாண்டி ஒரு அடி வைக்கவில்லை. தெரியாது என்று சொல்ல அவள் வெட்கப்படவும் இல்லை. அந்த இரண்டு வியாபாரிகளும் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். பின்வரிசையில் எஸ்.ஐ. முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பி, நீங்கள் போட நினைத்த தேதிக்கு என் பதில் இதுதான்.

பிறகு ஊரிலிருந்து மேஸ்திரியின் முதல் மனைவி வந்தாள். மாமா லீவு போட்டுவிட்டுத் திருநெல்வேலிப் பக்கம் போய், கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவந்திருந்தார். முதல் மனைவி உயிரோடு இருக்கும்போது கட்டிய கயிறு சட்டப்படி கல்யாணமே ஆகாது. அந்த அம்மாளுக்கும் பயம்தான், அவன் உள்ளே போனால் வீட்டுக்கு யார் அனுப்புவார்கள்? வர மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். கூண்டில் நின்று, தாலியை வெளியே எடுத்துக் காட்டி, "இவுகதான் எம் புருசன். நான் செத்துட்டேன்னு இங்கன சொல்லியிருக்காகளாமே, சாமி" என்று சொல்லிவிட்டு அழுதாள். மனைவி என்ற கோட்டை அன்று இடிந்தது. அதோடு ஒரு வருஷக் கெடுவும் போயிற்று.

மிச்சம் இருந்தது வயது. டாக்டர் தம் சர்டிபிகேட்டோடு வந்து, பதினான்கிலிருந்து பதினாறுக்குள் இருக்கலாம், அப்படியும் இப்படியும் கொஞ்சம் மாறலாம் என்றார். அந்தக் 'கொஞ்சம்' என்ற சந்தேகத்தின் லாபம் எதிரிக்குத்தான். தோட்டத்துக் கணக்கில் பதினேழு. கனி பதினாறு நிறையாதவள் என்று தெளிவாகச் சொல்லக்கூடியவர் சுடலைமுத்து ஒருவர்தான். தாய் கோர்ட்டு வாசலுக்கே வர மறுத்துவிட்டாள்.

அவர் முறை வந்த நாள் காலையில் ஆளைக் காணோம். எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், படியேற மாட்டேன் என்கிறார் என்று மாமா ஓடிவந்து சொன்னார். போனேன். கிளாஸில் டீ ஆடை கட்டிப்போயிருந்தது. லயத்திலிருந்து நாலைந்து பேர் கொஞ்சம் தள்ளி நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரே ஒரு வார்த்த சொல்லுங்கய்யா. வீட்டு வயசச் சொன்னா எனக்கு வேல போயிருமா?"

ஒன்றும் ஆகாது, சர்க்கார் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் அவர் எழுந்து வருவார். ஆனால் சர்க்கார் ஒன்றையும் பார்த்துக்கொள்ளாது என்று சம்பளம் வாங்குகிற எனக்குத் தெரியாதா?

"போயிருமுங்க. வீடும் போனாலும் போயிரும். என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

"சொல்லலன்னா?"

"வேல வயசுதான் நிக்கும். கேசு போயிரும். அவன் வெளிய வந்தா உங்க பெரியவங்க கனிய எங்க அனுப்புவாங்கன்னு உங்களுக்கே தெரியுமுங்க."

நான் திரும்பி வந்து பெரியவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "வேலை போகும் என்று சாட்சியிடம் நீயே சொன்னாயா? நம் சாட்சியை நீயே பிறழவைத்துவிட்டாய். இனி அவன் கூண்டேறி என்னத்தைச் சொல்வான்?" என்றார். அவர் சொன்னது நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது. ஒரு பிள்ளையின் வாழ்க்கையை நாலு வார்த்தையில் கெடுத்துவிட்டோமோ என்று நினைத்தேன். அந்த நேரத்தில் சுடலைமுத்து படியேறி வந்தார்.

நான்தான் விசாரித்தேன். வயதைக் கேட்டேன். வீட்டு வயதைச் சொன்னார். குரல் தணிந்திருந்தது, ஆனால் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"தோட்டத்தில் பேர் பதியும்போது என்ன வயது சொன்னீர்?"

"கூட்டிச் சொன்னேன்யா."

"அதாவது பொய் சொன்னீர்."

"ஆமாய்யா. பொய்தான்."

"அன்றைக்குப் பொய் சொன்னவர் இன்றைக்கும் சொல்ல மாட்டீர் என்று எப்படி நம்புவது? மகளுக்காகச் சொல்கிறீர், அப்படித்தானே?"

சுடலைமுத்து கூண்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். முடிந்தது என்று நினைத்தேன். அப்போது ஜட்ஜ் குறுக்கிட்டார். அவருக்கு நன்றாகத் தமிழ் வரும்.

"பொய் சொல்லிப் பேர் பதிந்ததாக இங்கே ஒத்துக்கொண்டால் உமக்கு என்ன ஆகும் என்று தெரியுமா?"

"தெரியும்யா. வேல போயிரும். வீடும் போயிரும். என்னால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு அந்தா அந்த அய்யா காலையிலயே சொல்லிட்டாவ."

கோர்ட்டே திரும்பி என்னைப் பார்த்தது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது எனக்கு. சாட்சியோடு டீக்கடையில் பேசியிருக்கிறான் என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டால் என்ன சொல்வது? அந்த வக்கீல் பிடித்துக்கொள்ளத்தான் வாயைத் திறந்தார். ஆனால் ஜட்ஜ் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது தெரிந்தும் ஏன் வந்து சொல்கிறீர்?"

"அன்னைக்குச் சொன்ன பொய்க்கு வேல கெடச்சுதுய்யா. இன்னைக்குச் சொல்லுத நெசத்துக்கு இருக்கிறதும் போவுது. போனாப் போவுது. பிள்ளய அங்க திரும்ப அனுப்ப முடியாதுல்லாய்யா."

ஜட்ஜ் அதை எழுதிக்கொண்டே இருந்தார். தன் பிழைப்பையே கெடுத்துக்கொள்கிற மனிதன் அதற்காகப் பொய் சொல்ல மாட்டான் என்று தீர்ப்பில் அதைத்தான் பிடித்துக்கொண்டார். பெரியவர் மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் டீக்கடையில் ஒரு பொய்யான தைரியம் கொடுத்திருந்தால் அன்று அந்தக் கேள்விக்குச் சுடலைமுத்துவிடம் பதில் இருந்திருக்காது. இதை நான் திட்டமிட்டுச் செய்ததாக நினைக்காதீர்கள். எனக்குப் பொய் சொல்லப் பயம், அவ்வளவுதான். உங்களுக்கும் அந்தப் பயம் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். சாட்சியிடம் நாம் கொடுக்கும் வாக்குறுதி கூண்டு வரைக்கும்தான் தாங்கும்.

மேஸ்திரி சிறைக்குப் போனான். தீர்ப்பு அன்று கனி என்னிடம் கேட்டது, "இனி அங்க போவேண்டாம்லாய்யா?" என்பது மட்டும்தான். வேண்டாம் என்றேன். மாமா முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு குழந்தையைப் போல அழுதார்.

இத்தோடு முடித்தால் உங்களுக்கும் நன்றாக இருக்கும், எனக்கும் நன்றாக இருக்கும். ஆனால் சுடலைமுத்து பயந்தது எல்லாம் அப்படியே நடந்தது. பேர் வெட்டினார்கள். வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். கூடவே லயம் முழுக்க ஆள் அனுப்பி, எல்லாப் பெண்பிள்ளைகளின் வயதையும் விசாரித்தார்கள். எத்தனையோ காலம் தெரிந்தே கண்ணை மூடிக்கொண்டிருந்தவர்களுக்குத் திடீரென்று நேர்மை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சில பிள்ளைகளைச் சின்னக் கூலிக்கு இறக்கினார்கள், சிலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். "உம் மக கேசுக்கு எம் மக வேலையாடி?" என்று தண்ணீர்க் குழாயடியில் கனியின் அம்மாவை மறித்துச் சண்டை போட்டார்களாம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சில வாரம் கழித்து அந்தக் குடும்பம் என் ஆபீசுக்கு வந்தது. மூட்டை முடிச்சோடு வந்திருந்தார்கள். வண்டன்மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள், போய்க் கேட்கப் போகிறோம், சொல்லிவிட்டுப் போக வந்தோம் என்றார் சுடலைமுத்து. நான் "உக்காருங்க" என்றேன். வழக்கம்போல யாரும் உட்காரவில்லை. கனி இந்த முறை யாருக்கும் பின்னால் மறையாமல் முன்னால் நின்றாள்.

"அங்கன பேர் பதியும்போது வயசு கேப்பாவய்யா. நான் எந்த வயசச் சொல்லட்டும்?"

"கோர்ட்ல உங்கப்பா சொன்னாருல்ல கண்ணு, அதையே சொல்லு."

"அதச் சொன்னா வேல தர மாட்டாவளேய்யா."

சுடலைமுத்து என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தபடியே நின்றாள். நான் அவர்களிடம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.